பந்தில் வைத்த புள்ளிகள்

எங்கள் வீட்டுக்காரர் இரும்புப் பட்டறையில் வெல்டர். இருபத்திரண்டு வருஷமாக நெருப்புப் பொறியோடு பழக்கம். கை நிறையப் பொட்டுப் பொட்டாகத் தழும்பு. வாயில் அதிர்ந்து ஒரு சொல் வராது.

அவருக்குக் கிரிக்கெட் மேல் ஆசை இல்லை. ஆசை எல்லாம் பட்டறை முதலாளிக்கு. வேலை குறைந்துவிட்டது, பாதிப் பேரை நிறுத்தப்போகிறேன் என்று சொன்ன வாயாலேயே, டீமில் இருப்பவர்களை மட்டும் நிறுத்தமாட்டேன் என்றும் அவர் சொல்லிவிட்டார். இவர் டீமில் பதினோராவது ஆள். மூன்று மேட்சில் நான்கு கேட்சை விட்டிருந்தார். பட்டறையில் அவருக்குச் சல்லடை என்று பெயர் விழுந்துவிட்டது.

டீமுக்குக் கேப்டன், பட்டறையில் சாமான் எடுத்துக் கொடுக்கும் ஸ்டோர்காரர். ஒருநாள் தெருவில் என்னைப் பார்த்து நின்றார்.

"கோவிச்சுக்காதீங்க அண்ணி. அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை மேட்ச். அதுலயும் அண்ணன் ஒண்ணை விட்டா, நம்ம பட்டறை லாரி டிரைவரைச் சேத்துக்கச் சொல்லிட்டாரு முதலாளி."

"அப்ப இவரு?"

அவர் என் முகத்தைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்தார்.

கடவுளிடம் பிள்ளைக்காகக் கேட்டிருக்கிறேன், நோய்க்காகக் கேட்டிருக்கிறேன். ஒரு பந்தைப் பிடிக்க வையப்பா என்று கேட்க வெட்கமாகத்தான் இருந்தது. கேட்டேன்.

மறுநாள் காலை, அவர் வேலைக்குக் கிளம்புவதற்கு முன், வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடும் சந்தில் அவரை நிறுத்திப் பந்து போட்டேன். பத்துக்கு ஏழு கீழே விழுந்தது.

"ஏங்க, எதுக்கு ஒவ்வொரு பந்துக்கும் தலையாட்டுறீங்க?"

"நானா? நான் எங்க ஆட்டுறேன்?"

"ஆட்டுறீங்க. ஆட்டிட்டுக் கண்ணையும் மூடிக்கிறீங்க."

"பந்து போடுறதை விட்டுட்டு என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருக்கியா?" என்றார். பிறகு அவரே வலது கையை வெல்டிங் பிடிப்பதுபோல நீட்டிப் பார்த்தார். தலை தானாகக் குனிந்தது, கண் மூடியது. பட்டறையில் முகமூடி கீழே இறங்கத் தலையை ஆட்ட வேண்டும். வெளிச்சம் அடிக்கும் முன் கண்ணை மூட வேண்டும். கைக்கு எதிரே எது வந்தாலும் அவர் உடம்பு அதைத்தான் செய்தது.

பழைய பந்துகள் ஆறில் மையால் புள்ளி வைத்தேன். ஒன்றில் இரண்டு, ஒன்றில் மூன்று, ஒன்றில் ஐந்து, இப்படி. பிடிப்பதற்கு முன் எத்தனை என்று அவர் சொல்ல வேண்டும்.

"கண்ணாஸ்பத்திரியே வச்சுட்ட" என்றார். ஆனால் சொன்னார். மூணு. அஞ்சு. ரெண்டு. விரல் வீங்கியது, துணி சுற்றிக்கொண்டு பிடித்தார். வெள்ளிக்கிழமை காலை இருபதுக்கு இருபதும் பிடித்தார். நான் உள்ளே போய்க் கடவுளுக்கு நன்றி சொன்னேன். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் சுவரைத் தடவிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கண் இரண்டும் சிவந்து தண்ணீராகக் கொட்டியது.

"மணல் அள்ளிப் போட்டாப்பல இருக்கு. இன்னிக்கு முழுக்கக் கண்ணு மூடவே இல்ல. ஒவ்வொரு தடவையும் வெளிச்சம் அடிச்ச பிறகுதான் தலை குனியுது."

புள்ளி எண்ணப் பழகிய கண் பட்டறையிலும் மூட மறந்துவிட்டது. பழக்கியவள் நான். என்ன சொல்லி அழுவது?

இரண்டு நாள் கண்ணைத் திறக்கக் கூடாது என்றார் டாக்டர். ஞாயிறு காலை கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். "வேணாங்க" என்றேன். "வீட்ல இருந்தா மட்டும் வேலையில வச்சுக்குவாங்களா?" என்றார்.

நான் மைதானத்து வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் பக்கம் பந்தே போகக் கூடாது என்று இப்போது வேண்டினேன். போன வாரம் கேட்டதற்கு நேர் எதிர். கடைசிக்கு முந்தின ஓவரில் பந்து உயரே எழும்பி அவரிடமே போனது. கண்ணாடியைக் கழற்றி எறிந்தார். தலை ஆடவில்லை. கண்ணீர் வழிய, இமைக்காமல், விழும் வரை பந்தையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளங்கையின் ஓரத்தில் பட்டுக் கீழே போனது.

யாரும் சல்லடை என்று கத்தவில்லை. ஸ்டோர்காரர் ஓடிப்போய் அவர் கண்ணைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைத் தேடி எடுத்து அவரே மாட்டிவிட்டார். முதலாளி நாற்காலியிலிருந்து எழவில்லை.

திங்கட்கிழமை, வேலையில் இருக்கப்போகிறவர்களின் பெயரைப் பட்டறைக் கதவில் ஒட்டியிருந்தார்கள். நான்தான் போய்ப் பார்த்தேன். லாரி டிரைவர் பெயர் இருந்தது. இவர் பெயர் இல்லை.

ஈரத் துணியைக் கண்ணில் போட்டுக் கட்டிலில் படுத்திருந்தார். என் காலடிச் சத்தத்திலேயே தெரிந்துகொண்டார் போல. கையை நீட்டினார்.

"அந்தப் பந்துல ஒண்ணு குடு."

கொடுத்தேன். கட்டை விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"அஞ்சு."

அதில் மூன்றுதான் இருந்தது.

"அஞ்சுதாங்க" என்றேன். இந்தப் பொய்யைக் கடவுள் மன்னிப்பார்.