அரம் படாத சாவி

பெரியப்பா வெட்டிக்கொடுத்த எந்தச் சாவியும் முதல் நாளில் சரியாகத் திறந்ததில்லை. மெஷினில் பற்களை வெட்டுவார், அரத்தால் ராவுவார், ஊதுவார். கடைசியாக இழுக்கவேண்டிய ஒரு இழுப்பை மட்டும் விட்டுவிடுவார்.

"போட்டுப் பாருங்க. சிக்குனா கொண்டாங்க, ஓசியில தேய்ச்சுத் தர்றேன்."

சிக்கும். கொண்டுவருவார்கள். கடையிலிருந்த ஒரே ஸ்டூலில் உட்காருவார்கள். அவருக்கு மனைவி, பிள்ளை இல்லை. தடுப்புக்குப் பின்னால் ஒரு கட்டில், அவ்வளவுதான் வீடு. மனிதர்கள் இரண்டாவது முறை வருவதற்காகத்தான் அந்த இழுப்பை விட்டுவைத்தார் என்பது எனக்கு வெகுகாலம் புரியவில்லை.

பிறகு, திருட்டைத் தடுக்க என்று ஒரு விதி வந்தது. மாற்றுச் சாவி வேண்டுமானால் வீட்டுப் பத்திரத்தின் நகலைத் தரவேண்டும். மீறினால் கடைக்கு சீல். எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரி முடித்தவன் நான் என்பதால் அறிவிப்பை என்னிடம் நீட்டினார். படித்துச் சொன்னேன்.

"நல்லதுக்குத்தானே பெரியப்பா?"

"நல்லதுதான். இந்தத் தெருவுல பத்திரம் வச்சிருக்கவன் யாருடா, பட்டதாரி? எல்லாம் வாடகைக்கு இருக்கவங்க."

எதிர்வீட்டு நர்ஸ் வந்தார். பள்ளிவிட்டு வரும் மகளுக்கு ஒரு சாவி வேண்டும்.

"வீட்டுக்காரர்கிட்ட நகல் வாங்கிட்டு வாம்மா."

"வாடகை ரசீதே தரமாட்டாரு, பத்திரத்தையா தரப்போறாரு? என்னைத் தெரியாதா உங்களுக்கு?"

"உன்னைத் தெரியும். சீல் வைக்க வர்றவனுக்குத் தெரியாதே."

நர்ஸ் போய்விட்டார். மகள் மாலை முழுவதும் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பாள். பெரியப்பா அந்தப் பக்கம் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார். வேறு யாரும் வராத நாட்களில், எழுந்துவந்து வாடிக்கையாளரின் ஸ்டூலில் அவரே உட்கார்ந்திருப்பார். விதியைப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு வரியும் நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் என்னைத் தொந்தரவு செய்தது.

கடைசியில் மெஷினை விற்க முடிவுசெய்தார். அதை வாங்க ஆள் வருவதற்கு முதல் நாள், என் அறைச் சாவியோடு போனேன்.

"என்கிட்டயும் பத்திரம் இல்ல."

"நானே மூடப்போறேன். இனிமே அவனுங்க சீல் வச்சா என்ன, வைக்காட்டி என்ன?"

வெட்டினார், ராவினார், ஊதினார். "சிக்குனா கொண்டா."

சிக்கியது. மறுநாள் மாலை கொண்டுபோனபோது ஷட்டர் இறங்கியிருந்தது. பல நாள் விசாரித்து, அடுக்குமாடி ஒன்றின் வாசலில், காவலாளி உடுப்பில் அவரைக் கண்டுபிடித்தேன். சாவியைப் பார்த்ததும் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. அரம் அங்கே இல்லை, மெஷினோடு போய்விட்டது.

"மூணாவது பல்லுடா," என்றார், கட்டைவிரலால் தடவி. "ஒரே இழுப்புதான். நான் உனக்குத் தரணும்."

அங்கிருந்த ஒரே நாற்காலியை என் பக்கம் நகர்த்திவிட்டு நின்றுகொண்டார். இருட்டும்வரை பேசினோம். ஒரு கார்கூட அவரைப் பார்த்து வேகத்தைக் குறைக்கவில்லை.

இப்போதும் அந்தச் சாவியைச் சற்றுத் தூக்கிப் பிடித்துத்தான் கதவைத் திறக்கிறேன். வேறு கடையில் தேய்த்துக்கொள்ளலாம். ஆனால் அது பெரியப்பா தரவேண்டியது.