பக்கத்து வீட்டு அரை ஜல்லி

காலையில் ஜன்னலைத் திறந்ததும் பழைய சிமென்ட் தூசியின் வாசம். பக்கத்து வீட்டை இடிக்கிறார்கள். பெயர்ந்து விழுந்த கூரைத் தளத்தைப் போய்ப் பார்த்தேன். எல்லாம் ஒரே அளவுப் பெரிய கல். நடுவில் வெளிறிய சிமென்ட். அங்கே இருந்திருக்க வேண்டிய சிறிய கல் என் வீட்டுத் தளத்தில் இருக்கிறது.

ஜல்லியைச் சலித்து அளவுவாரியாக எடை பார்ப்பது வீடு கட்டிய காலத்தில் என் உத்தியோகம். (சட்டைகளையும் அப்படித்தான் அடுக்குவேன் என்று வீட்டில் கேலி.) முக்கால் இஞ்ச் ஜல்லியின் சந்தில் அரை இஞ்ச் ஜல்லி உட்கார வேண்டும், அதன் சந்தில் மணல். நடு அளவு இல்லாவிட்டால் அந்த இடத்தைச் சிமென்டும் தண்ணீரும்தான் நிரப்பும். உலரும்போது அது சுருங்கும், கல் சுருங்காது. தளம் வலுவிழந்து வெடிக்கும்.

இந்தத் தீவில், ஜங்லிகாட்டில் நானும் சூசையும் அடுத்தடுத்து வீடு கட்டினோம். அவர் படகு எஞ்சின் மெக்கானிக், தூத்துக்குடிப் பக்கம். இருவருமே சென்ட்ரிங் அடித்து முடித்த நேரம் பார்த்து குவாரியில் கல் உடைக்கும் கிரஷர் பழுதாகி நின்றது. உதிரிபாகம் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். அரை ஜல்லி சூசையிடம் மட்டும் இருந்தது, ஒரு தளத்துக்கு.

“நீரு எடுத்துக்கிடும்வே. இது இல்லாம உமக்கு உறக்கம் வராது.”

“உம்ம தளம் வெடிச்சுரும்.”

“சலேகா, சமாளிச்சுக்கிடலாம். கப்பல் வந்துரும்லா.”

வேண்டாம் என்று ஒருமுறை சொன்னேன். இரண்டாம் முறை சொல்லவில்லை.

கப்பல் தள்ளிப்போனது. மழைக்குப் பயந்து சூசை வெறும் முக்கால் ஜல்லியில் தளம் போட்டார். அடுத்த மழையிலேயே ஒழுகியது.

அதன் பிறகு பெருமழை வந்தால் அவருடைய பிள்ளைகள் தலையணையோடு எங்கள் கூடத்துக்கு வந்துவிடுவார்கள். வீடெங்கும் நனைந்த பாயின் வாசம். என் மகனுக்கு அது திருவிழா. மழைக்காக ஜெபம் செய்யச் சொல்லிச் சூசையின் மகளிடம் கெஞ்சுவான். சூசையின் மனைவி பிலோமினா எங்கள் கூரையை அண்ணாந்து பார்ப்பாள்.

“அண்ணன் வீட்டைப் பாருங்க, ஒரு சொட்டு எறங்குதா? நீங்க அவசரக்காரவுக.”

சூசை அவளிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டுக் கட்டஞ்சாயாவைக் குடிப்பார். நானும் குடித்தேன்.

வீட்டை விற்றுவிட்டு அவர்கள் வேறொரு தீவில், ஹட் பேயில் மகனோடு இருக்கப் போய்விட்டார்கள். இன்று மதியம் மழை வலுத்தபோது, இடிக்க வந்தவர்கள் எங்கள் கூடத்தில் ஒதுங்கினார்கள். ஒருவர் மேலே பார்த்து, “பக்கா காம்” என்று வேலையை மெச்சினார். தலையாட்டினேன்.

அவர்கள் போன பிறகும் மழை விடவில்லை. கூடம் காய்ந்து கிடக்கிறது. தலையணையோடு யாரும் வரவில்லை.