பாம்பனில் பகல் உறக்கம்

சுந்தரதாஸ் பாம்பனுக்கு இருபத்து மூன்று தடவை போயிருக்கிறார். தீவுக்கு டூர் போவதென்றால் அவர் ஓட்டுகிற வண்டியில்தான் போக வேண்டும் என்று உதியன்குளங்கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எந்த வளைவில் மண் லாரி எதிரே வரும், எந்தச் சாயாக்கடையில் பெண்கள் போகிற மாதிரி கழிப்பறை உண்டு, எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால் அந்தத் தீவின் கடலை அவர் ஒரு தடவைகூட நின்று பார்த்ததில்லை. இது அவர் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம்.

காரணம் ரொம்பச் சாதாரணம். நம் சபைகளின் ஒருநாள் டூர் எப்படிப்பட்டது என்று தெரியாதா என்ன? வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குப் போதகர் ஜெபம் பண்ணி அனுப்புவார். விடியும்போது தீவில் இருக்க வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அங்கிருந்து கிளம்பினால்தான் ஞாயிறு ஆராதனைக்குப் பாட ஆள் இருக்கும். அறை எடுத்துத் தங்குகிற பேச்சே கிடையாது. ஆக, பகலில் டிரைவர் உறங்கியே தீர வேண்டும். மற்றவர்கள் மீன் துறைக்குப் போகும்போது சுந்தரதாஸ் ஒரு மரத்தடியில் வண்டியை ஒதுக்கி, ஜன்னல்களைத் துண்டால் மறைத்து, பின்சீட்டில் காலை நீட்டிவிடுவார். பெரிய பாலத்தில் ஏறும்போதாவது எட்டிப் பார்க்கக் கூடாதா என்றால், முன்னால் போகிறவன் எந்த நிமிஷம் பிரேக் போட்டு இறங்கிப் படம் எடுப்பான் என்று தெரியாத இடம் அது. கடலை வேடிக்கை பார்க்கிற டிரைவர் நேரே கடலுக்குள்தான் போவான். பக்கத்துக் கண்ணாடியில் கொஞ்சம் நீலம் தெரியும். இருபத்து மூன்று தடவையும் அவருக்குக் கிடைத்தது அதுதான்.

கடலுக்கு அவருக்கு என்ன பஞ்சம் என்று கேட்கலாம். அரைமணி நேரத்தில் பொழியூர் இருக்கிறது, பூவார் இருக்கிறது. ஆனால் நடுவில் ஊர், இரண்டு பக்கமும் கடல், ஒரு பக்கம் அலையடிக்க மறுபக்கம் குளம்போலக் கிடக்கும் என்றெல்லாம் திரும்பி வரும்போது பயணிகள் பேசிக்கொள்வார்கள். அதைக் கேட்டுக் கேட்டு அவருக்குள் ஏறிய ஆசை சின்ன ஆசை இல்லை. ஒரு தடவை மூன்று மணிக்கே விழித்துவிட்டார். வண்டியைப் பூட்டிவிட்டு மணலில் நடந்தார். அலைச் சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்சம் போனால் தெரிந்துவிடும். ஆனால் நடக்கும்போதே கண் சொக்கியது. இருபத்திரண்டு பேர் உயிர் தன் கையில் இருக்கிறதென்று நினைத்துக்கொண்டு அப்படியே திரும்பி வந்து படுத்துவிட்டார்.

இதுவரைக்கும் அவர்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. குற்றம் வீட்டில் நடந்தது.

முதல் டூர் முடிந்து வந்த அன்று மனைவி சுகிர்தபாய் கையில் பால் வாளியோடு நின்று, “எப்பிடி இருந்து?” என்று கேட்டாள். உறங்கினேன் என்று சொல்ல நாக்கு வரவில்லை. அவள் முகம் அப்படி இருந்தது. அந்தக் காலத்தில் அவர்கள் வீட்டில் ஒரு கறவை மாடு உண்டு. அது போனால் அதன் கன்று, அது போனால் அடுத்தது. ஒன்றுகூட வேறு ஆள் கையை மடியில் வைக்க விடாது. அதனால் காலையும் மாலையும் சுகிர்தபாய் வீட்டில் இருந்தாக வேண்டும். நெய்யாற்றின்கரைக்குக் கல்யாணத்துக்குப் போனால்கூடப் பாயசம் இலையில் விளம்புமுன் எழுந்து வந்துவிடுவாள். அவளிடம் போய் உறக்கக் கதையைச் சொல்வதா? பின்சீட்டிலிருந்த தங்கபாய் டீச்சர் வழிநெடுகச் சொன்னதையெல்லாம், தான் பார்த்ததுபோல வாய் கூசாமல் சொன்னார். சுகிர்தபாய் வாளியைக் கீழே வைக்கவே மறந்துபோனாள்.

அதன்பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. திரும்பி வரும்போது பாட்டை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டுவார். சத்தம் பிடிக்காத நல்ல மனுஷன் என்று சபையில் பேர் வாங்கினார். போதாதென்றால் தூங்கி விழுகிறவர்களையும் விடமாட்டார். “டீச்சரே, வலையில என்ன மீன் கெடந்து?” என்று கேட்டு எழுப்பிவிடுவார். அவ்வளவும் வீட்டுக்கு வந்து சேரும். பொய்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பெண்டாட்டிக்காக இவ்வளவு கவனமாய்ப் பொறுக்கிச் சேர்த்த பொய்யை நான் வேறெங்கும் கண்டதில்லை.

போன மாதம் சுகிர்தபாய்க்கு முட்டுவலி அதிகமாகி, கடைசி மாட்டையும் கொடுத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டு முடித்த கையோடு, அவள் பழைய காலண்டர் தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“நம்ம ரெண்டு பேருமா பாம்பன் போவோம். உங்க முதலாளி ரதீஷ்கிட்ட சொல்லியாச்சு. அவருக்க கார தாறேன்னு சொன்னாரு. வெள்ளி ராத்திரி போயிட்டு சனி ராத்திரி வந்திருவோம்.”

சுந்தரதாஸின் நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளியது. அவளோடு அந்தக் கரையில் பட்டப்பகலில் நிற்பது! அடுத்த நிமிஷமே ஊசி குத்தினாற்போல் ஒன்று உறைத்தது. ராத்திரி ஓட்டிக்கொண்டு போய், ராத்திரி ஓட்டிக்கொண்டு வர வேண்டுமென்றால் பகலில் உறங்க வேண்டும். இருபத்து நாலாவது தடவையும் மரத்தடிதான். அவள் மட்டும் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து தனக்குச் சொல்லுவாள்.

“அனில்குமாரை ஓட்டச் சொல்லுவோமா?” என்று மெல்லப் போட்டுப் பார்த்தார்.

“வேற டிரைவர் எதுக்கு? நீங்க ஓட்டினாத்தான் எனக்கு வயிற்றப் பெரட்டாது.” அவள் எழுதத் தொடங்கினாள். “முதல்ல மீன் துறை. கலங்கரை வெளக்குக்கு அடியில வலை காயுமுன்னு சொன்னியளே, அது. அப்புறம் அந்த வெள்ளைச் சர்ச்சு. அப்புறம் ரெண்டு கடலும்.”

ஒவ்வொன்றும் அவர் வாயால் சொன்னது. தேதிகூட அவளுக்கு ஓர்மை இருந்தது. இருபது வருஷமாக ஒன்றையும் சிந்தவிடாமல் வைத்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. தெரிந்ததும் சந்தோஷத்தைவிடப் பயம்தான் வந்தது.

“ஒண்ணு கேக்கணும்” என்றாள் சுகிர்தபாய், பேனாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு. “அலை இல்லாத்த கடலு எந்தப் பக்கம்? மே மாச டூருக்குப் போயிட்டு வந்தா வடக்குன்னு சொல்லுவிய. கிறிஸ்மஸ் லீவுல போயிட்டு வந்தா தெக்குன்னு சொல்லுவிய. எந்த இடத்தில பாய் விரிச்சுச் சோறு திங்கதுன்னு எழுதணும்.”

உண்மையில் இரண்டும் சரிதான். காற்று மாறும்போது அங்கே அலையும் பக்கம் மாறும். படகுகளைக்கூட அதற்கேற்பத் துறை மாற்றிக் கட்டுவார்கள். ஒரு தடவை கரையில் நின்றவர்களை விசாரித்த எந்த மனிதனும் இதைச் சொல்லித் தப்பித்திருப்பான். பாவம், சுந்தரதாஸுக்கு அது தெரியாது. கையும் களவுமாக அகப்பட்டுவிட்டோம் என்று நினைத்துவிட்டார்.

“சுகிர்தம், நான் பாத்ததில்ல.”

“எத?”

“ஒண்ணையும். அங்க போனதும் நான் உறங்கிருவேன். உறங்கலேன்னா திரும்ப ஓட்ட ஒக்காது. நான் சொன்னதெல்லாம் வண்டியில இருந்தவங்க சொன்னதாக்கும்.”

சுகிர்தபாய் பேனாவை மூடினாள். வெளியே ரோட்டில் ஒரு பஸ் போய் ஓய்ந்தது.

“மாட்டுக்க மடியில கைய வச்சிட்டு நான் அந்தக் கடலைத்தான் நெனச்சிட்டிருப்பேன், கேட்டியளா? நீங்க கரையில நிக்கது மாதிரி. சட்ட காத்துல பறக்கது மாதிரி. எல்லாம் கள்ளம்.” அவள் குரல் உடைந்தது. “உறங்கினேன்னு சொன்னா நான் என்ன செய்துருவேன்?”

“உனக்கு போக ஒக்காதுன்னு இருந்துல்லா. போன நானும் பாக்கலேன்னு சொன்னா, நம்ம வீட்டுல அதை ஒருத்தரும் பாக்கலேன்னு ஆகிப்போவுமே. அதை எப்பிடிச் சொல்ல?”

மணலில் பாதி வரை நடந்து திரும்பியதையும் சொன்னார். அதை மட்டும் யாரிடமும் கேட்டுச் சொல்லவில்லை என்பதால் சொல்லத் தெரியாமல் தடுமாறினார். சத்தம் எப்படி இருந்தது என்று அவள் கேட்டாள். தூரத்தில் நெல் கொட்டுகிற மாதிரி இருந்தது என்றார். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, “எத்தனை மணிக்கு?” என்றாள்.

“மூணு இருக்கும்.”

“இன்னும் கொஞ்சம் நடந்திருக்கலாமே.”

“கண்ணு சொக்கிச்சு, சுகிர்தம்.”

அவள் காலண்டர் தாளைத் திருப்பி மடியில் வைத்து, எழுதியதை மேலிருந்து கீழே வரை வாசித்தாள். பிறகு பேனாவைத் திறந்து கடைசி வரியை அடித்தாள். சனி ராத்திரி திரும்புவது என்று எழுதியிருந்த வரி அது.

“அன்னு வரண்டாம்” என்றாள். “வெள்ளிக்கிழமை வெளுப்பான் காலத்துல, விடியுமுன்ன கிளம்புவோம். நீங்க ஓட்டுங்க. ராத்திரி அங்கன உறங்குவோம், ரெண்டு பேரும். சனிக்கிழமை பகலு முழுக்க முழிச்சு நிக்கணும். ஞாயிற்றுக்கிழமை ஒருக்க ஆராதனைக்கு நாம இல்லேன்னா சபை ஒண்ணும் இடிஞ்சு விழாது.”

சுந்தரதாஸ் தலையை ஆட்டினார்.

“செரி, எங்க தங்குவோம்? அங்க நல்ல இடம் ஏதாவது உண்டா?” என்று கேட்டு அவள் எழுதத் தயாரானாள்.

“எனக்குத் தெரியாது” என்றார் அவர். பாம்பனைப் பற்றி அவள் கேட்ட ஒரு கேள்விக்கு அவர் அப்படிப் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை.