கோதண்டபாணிக்கு வைத்த கொள்ளி

பள்ளிப்பட்டுச் சடகோபனுக்குப் பெண்கள் இரண்டு. மூத்தவள் மணியம்மை வாயில்லாப் பூச்சி. அவளுக்கும் சேர்த்து வாய் வாங்கிப் பிறந்தவள் இளையவள் காஞ்சனா. அவளை அம்மையார்குப்பத்துக் கோதண்டபாணிக்குக் கொடுத்தார்கள். வீட்டோடு விசைத்தறி. தறி ரிப்பேரில் கைராசிக்காரன் என்று சூடான் நாட்டு நெசவு ஆலை ஒன்று அவனை அழைத்துக்கொண்டது.

இரண்டாயிரத்து இருபத்துமூன்று. சித்திரை பிறந்த அன்று போனில், "பச்சடி செஞ்சியா?" என்று கேட்டான். மறுநாள் கார்ட்டூம் தெருக்களில் படையும் படையும் சுட்டுக்கொண்டன. ஆலை எரிந்தது. யாரோ அனுப்பிய வீடியோவில் ஆலை வாசலில் முகம் கருகிய உடல்கள் கிடந்தன. கப்பலேறித் தப்பி வந்தவர்களில் இவன் இல்லை.

கொழுந்தன் திலீப் வைகாசி முழுக்கப் பொறுத்தான். ஆனியில் அவன் பிள்ளைக்குக் காய்ச்சல் விடவில்லை.

"அண்ணன் ஆவி அலைஞ்சிகினு இருக்குது அண்ணி. பொணம் இல்லன்னா என்ன, தர்ப்பையில பொம்ம கட்டிக் கொளுத்திடலாம்."

"உங்கண்ணன் உசுரோட இருக்காரு. கொளுத்தியே ஆவணும்னா உன்னக் கொளுத்திக்கோ."

அவன் கேட்கவில்லை. ஏரிக்கரையில் பொம்மைக்குக் கொள்ளி வைத்து மொட்டைத் தலையோடு வந்தான். பத்தாம் நாள் பங்காளி வீட்டுப் பெண்கள் தாலி வாங்க வந்தார்கள். இழுபறியில் வளையல் உடைந்து காஞ்சனாவின் மணிக்கட்டில் ஏறியது. கையை உதறிக்கொண்டு, தறி ஓரம் கிடந்த நாடாவை எடுத்தாள். தறியில் நூலோடு குறுக்கே ஓடும், இரண்டு முனையிலும் இரும்பு மூக்கு வைத்த கட்டை அது. கழுத்துக்குக் கை நீட்டியவளுக்குப் பல் போனது. குறுக்கே வந்த திலீப்புக்குப் புருவம் பிளந்து, நெய்த துணியெல்லாம் ரத்தம்.

"எவ கழுத்த எவடி அறுக்கறது? வாடி, தொட்டுப் பாரு!"

அன்றே திருத்தணிக்குப் போனாள். மலையடிவாரத்தில் மணியம்மை வீடு. மணியம்மை மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு, "இன்னும் ரெண்டு போட்டிருக்கலாம்" என்றாள்.

ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் ரயிலைவிட்டு இறங்கி, ஊருக்குப் பஸ் கிடைக்காமல் அந்த வீட்டுக்கே வந்து நின்றான் கோதண்டபாணி. துப்பாக்கிக்காரர்கள் அவனைப் பிடித்து வண்டி ரிப்பேர் பார்க்க வைத்திருக்கிறார்கள். ஓடப் பார்த்ததற்கு வலது கையில் இரண்டு விரலை வெட்டினார்கள். மறுபடியும் ஓடி எகிப்துக்குள் விழுந்தான்.

மறுநாள் இருவரும் அம்மையார்குப்பம் போனார்கள். திலீப் வாசலை மறித்தான்.

"கொள்ளி வெச்சாச்சுண்ணா. புதுசா பொறந்தாப்பல தொட்டில்ல போட்டுப் பேர் வெச்சப்பறம்தான் உள்ள வரணும்."

"எவன்டா கொள்ளி வெச்சது?"

"நான்தான். உனக்கோசரம்தான்."

"என்னை உசுரோட கொளுத்திட்டு எனக்கே தொட்டில் கட்றியா?"

மிஞ்சிய விரல்களால் தம்பியின் குரல்வளையைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினான். திலீப்புக்குக் கண் பிதுங்கியது. பங்காளிகள் சுற்றி நின்றும் யாரும் விலக்கவில்லை. கொள்ளி வாங்கிச் செத்தவனைத் தொட ஒருவருக்கும் மனம் வரவில்லை. காஞ்சனாவும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். திலீப்பின் கால் உதைப்பது நின்றபோது ஓடிவந்தாள்.

"விடுய்யா! இவனுக்கு நெசக் கொள்ளி நீ வைக்கப் போறியா?"

பிடி தளரவில்லை. அந்தக் கையைக் கடித்து விலக்கினாள். சுருண்டு விழுந்து இருமிய கொழுந்தனைத் தாண்டி, புருஷனை உள்ளே இழுத்துப் போனாள்.

சடங்கு நடக்கவில்லை. திலீப் வேறு ஊருக்குக் குடி போனான். பங்காளிகள் இன்றைக்கும் அந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை. காஞ்சனா கொடுப்பதும் இல்லை.