பேஸ் பெட்டியில் கிதார் வாசித்த அமூத்

பாலைவன நகரமான தமன்ராசெத்தில் அமூதின் டயர்க் கடை எது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பக்கம் கைகாட்டுவார்கள். தடித்த சத்தக்காரன் கடை எது என்று கேட்டால் கையோடு கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள். அந்தப் பெயர் பாராட்டா நக்கலா என்று அமூதுக்கு ஒருநாளும் புரிந்ததில்லை. பகலில் லாரி டயருக்கு ஒட்டுப் போடுகிறான், கல்யாணம் என்றால் கிதாரைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறான், இதில் குழம்ப என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அவனைத் தெரிந்தவர்கள் கேட்கமாட்டார்கள். டீயில் சர்க்கரை போதுமா என்று கேட்டாலே தொண்டையைக் கனைத்துக்கொண்டு யோசிக்கிற ஆள்.

அந்தச் சத்தம் அவன் கேட்டு வாங்கியதல்ல. அவனோடு பேஸ் கிதார் வாசித்த கூதா எரிவாயுக் கிணற்றில் வேலை கிடைத்து வடக்கே போனபோது, தன்னுடைய பேஸ் ஆம்ப்ளிஃபயரை அமூதின் வீட்டில் போட்டுவிட்டுப் போனான். தடித்த கம்பிகளின் அடிச்சத்தத்துக்கென்றே செய்த பெட்டி, அலமாரி அளவு இருக்கும். அமூதிடம் கிதாருக்கென்று ஒரு சின்னப் பெட்டி இருந்தது. ஒரு கல்யாணத்தன்று மின்சாரம் எகிறி அது புகைந்து போயிற்று. வாசலில் வண்டி நிற்கிறது, மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்கிறார்கள். வேறு வழியில்லாமல் கிதாரைக் கூதாவின் பெட்டியில் சொருகினான். கீச்சும் இல்லை, மினுக்கும் இல்லை. மணலுக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி உருண்டு திரண்டு ஒரு சத்தம் வந்தது. அமூத், எங்கள் ஆண்கள் கட்டும் முகத்துணியை மூக்குக்கு மேல் ஏற்றி வெட்கத்தை மறைத்துக்கொண்டு வாசித்து முடித்தான். அடுத்த வாரமே இரண்டு வீடுகளிலிருந்து அவனைத்தான் வேண்டும் என்று ஆள் வந்தது.

அன்றிலிருந்து அவன் அந்தப் பெட்டியில்தான் வாசித்தான், அன்றிலிருந்து அவனுக்குள் ஒரு புழு குடைந்துகொண்டும் இருந்தது. இவர்களுக்குப் பிடித்திருப்பது என் விரலா, கூதாவின் பெட்டியா? மனைவியிடம் கேட்டான். "ரெண்டுந்தான். சாப்பிடு" என்றாள். அது பதிலாக அவனுக்குப் படவில்லை.

உண்மையைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அத்தை மகள் தகாமா. கல்யாணங்களில் பெண்கள் கூட்டத்துக்கு நடுவில் நின்று பாட்டெடுத்துக் கொடுப்பவள் அவள்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் மாமன் மகனும் அத்தை மகளும் ஒருவரை ஒருவர் கேலி செய்வது உரிமை மட்டுமல்ல, கடமை. தகாமா கடமை தவறாதவள்.

"என்ன மச்சான், இன்னைக்கும் அந்த உறுமுற காளைய கூட்டிட்டு வந்திருக்கியா? கட்டிப் போட்டியா, இல்ல ஆட்டத்துக்கு நடுவுல வந்துருமா?"

"நல்லா இல்லையா தகாமா?"

"டயருக்குள்ள உக்காந்து வாசிக்கிற மாதிரி இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு."

இதில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது? அமூத் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்க் குழம்புவான்.

இந்தக் குளிர்காலத்தில் கடல் தாண்டி மார்செய் நகரத்திலிருந்து வந்த மைத்துனன், கிதாருக்கென்றே செய்த அசல் ஆம்ப்ளிஃபயர் ஒன்றைக் கொண்டுவந்தான். அமூத் அதைத் துடைத்தான், சொருகினான், வாசித்தான். ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகப் பேசியது. இதுதான் நான், இவ்வளவு நாளும் போர்வைக்குள் கிடந்திருக்கிறேன் என்று அவனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. முதல் கச்சேரி தகாமாவின் தங்கை கல்யாணத்தில். இதைவிடப் பொருத்தமாக அமையுமா?

வறண்ட ஓடை மணலில் மணப்பெண்ணின் கூடாரம் போட்டிருந்தார்கள். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து வெயில் தணிந்ததும் பெண்கள் கைதட்டிப் பாட நெருங்கி உட்கார்ந்தார்கள், ஆண்கள் ஆட எழுந்தார்கள். அமூத் தொடங்கினான். அவன் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக வாசித்ததில்லை, இதை நானே சொல்வேன். ஆனால் இரண்டாவது பாட்டிலேயே கைதட்டு இங்கொன்று அங்கொன்றாகச் சிதறியது. மூன்றாவது பாட்டில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து செருப்பிலிருந்த மணலைத் தட்டினார்கள். பிறகு டீ அடுப்புப் பக்கம் நகர்ந்தார்கள். பெண்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். அமூத் விரலைப் பார்த்தான், கம்பியைப் பார்த்தான், ஒன்றும் பிசகவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தத்தை ஏற்றினான். ஓரமாகக் கட்டியிருந்த ஒட்டகங்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டன.

சூரியன் இறங்கும்போது தகாமா டீ கொண்டுவந்து நீட்டினாள். அமூத் வழக்கமான அடிக்குத் தயாரானான்.

"நல்லா வாசிச்சீங்க. களைச்சிருப்பீங்க. நாளைக்கு ஓய்வெடுங்க, நாங்க உரல்ல தோல் கட்டி மேளம் அடிச்சுப் பாத்துக்குறோம்."

இதற்கு முன் தகாமா அவனிடம் மரியாதையாகப் பேசியது அவளுடைய அப்பா இறந்த அன்று மட்டும்தான். சொந்த அத்தை வீட்டுக் கல்யாணத்தில் மறுநாள் நீ வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகிறாள், அதுவும் பாராட்டி. அவள் திட்டியிருந்தால் அவன் நிம்மதியாகத் தூங்கியிருப்பான்.

காலையில் கூடாரத்துக்குப் பின்னால், சாம்பலுக்கு அடியில் மணலில் சுட்ட ரொட்டியை எடுத்து மணல் தட்டிக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றான்.

"என் மேல கோவமா?"

"இல்லையே."

"அப்ப ஏன் என்னைத் திட்டல? நான் என்ன தப்பு பண்ணேன், சொல்லிடு. எல்லாத்தையும் சரியாத்தான் வாசிச்சேன்."

தகாமா ரொட்டியைக் கீழே வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. "சரியாத்தான் வாசிச்ச. ஊசி ஊசியா வந்து எங்க கையில குத்துச்சு. பக்கத்துல உக்காந்தவ தட்டுறது எனக்குக் கேக்கல. என் தங்கச்சி கல்யாணத்துல நான் பாடுறது எனக்கே கேக்கல. எப்படிப் பாட?"

"அப்ப இத்தனை வருஷமும் உங்களுக்குப் பிடிச்சது அந்தப் பெட்டிதானா? நான் இல்லையா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? உன்ன யாரு காதுகொடுத்துக் கேட்டா? நாங்க எங்களையில்ல கேட்டுக்கிட்டிருந்தோம்."

தகாமா ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு நடந்தான். அதைத் தின்றானா எறிந்தானா என்று பிறகு கேட்டபோது அவனுக்கே நினைவில்லை.

அன்று சாயங்காலம் கூதாவின் பெட்டியோடு அவன் வந்து நின்றான். யாரும் கூப்பிடவில்லை. யாரும் போகச் சொல்லவுமில்லை. வயரை இழுத்துச் சொருகி வாசிக்கத் தொடங்கினான். கொஞ்ச நேரத்தில் கைதட்டு ஒன்றாகச் சேர்ந்தது, குரல் எழும்பியது, ஆண்கள் ஆட்ட வாளைத் தூக்கிக்கொண்டு தோளோடு தோள் உரச நகர்ந்தார்கள். அமூத் முதல்முறையாகத் தன் கிதாரைக் கேட்காமல் அந்தக் கைகளைக் கேட்டான். இருபது பெண்கள், ஒரு கை போல. எவ்வளவு நன்றாக இருந்தது. இதற்குள் நான் எங்கே இருக்கிறேன் என்று தேடினான், கிடைக்கவில்லை. பார்த்துவிடுவோம் என்று பாட்டின் நடுவில் கம்பியிலிருந்து விரலை எடுத்துவிட்டான்.

ஒன்றும் நடக்கவில்லை. கைகள் தட்டின, கால்கள் நகர்ந்தன, மாப்பிள்ளையின் தோழர்கள் சிரித்தார்கள். ஒருவரும் அவன் பக்கம் திரும்பவில்லை. அவ்வளவுதான் நான் என்று நினைத்துக்கொண்டான்.

அப்புறம் கைதட்டு லேசாக வேகம் எடுத்தது. யார் முடுக்கினார்கள் என்று தெரியவில்லை. தாளம் இன்னும் கொஞ்சம் முந்தி ஓடியது. ஆடுகிறவன் ஒருத்தன் கால் தவறிப் பக்கத்தில் இருந்தவன்மேல் சாய்ந்தான். தகாமா பாட்டை விடாமல், திரும்பியும் பார்க்காமல், பாட்டின் இடைவெளியில் குரலை ஏற்றினாள்.

"எங்க போய்த் தொலைஞ்ச மச்சான்? கால் வைக்க எடமில்லாம நாங்க இங்க தவிக்கிறோம்."

அமூத் அவசரமாக விரலைக் கம்பியில் வைத்தான்.