பேரு ஒட்டின கப்பு

சிநேகாவுக்கு இருவது வயசு. வூடு புதுப்பட்டினம் மார்க்கெட்டுக்குப் பின்னாடி. அப்பா வரதன் கான்ட்ராக்ட் வெல்டரு. அம்மா மார்கரெட் ஆபீசருங்க குவார்ட்டர்ஸ்ல நாலு வூட்டுல பாத்திரம் தேய்க்கிறா. தாத்தா காலம் வரைக்கும் அடுத்தவன் வயல்ல கூலி, சொந்தமா ஒரு சென்ட் நெலம் கெடயாது. அந்த வூட்டுப் பொண்ணு இன்ஜினீயரிங் மூணாவது வருசத்துல எக்ஸ்சேஞ்ச் ஸ்டூடண்டா ஜெர்மனி போனா. ஆறு மாசம். யாரும் தயவு பண்ணி அனுப்பல. மார்க்கு வாங்கினா, போனா.

நான் வரதனோட சங்கத்துல இருந்தவன். நோட்டீசு எழுதறது என் வேலை. இந்த விசயத்துல நான் பண்ண தப்பையும் சேத்தே எழுதறேன்.

மொத வாரம் நல்லாத்தான் பேசினா. குளிருது, பஸ்ஸு சொன்ன நிமிசத்துக்கு வருது, கொழாத்தண்ணியவே குடிக்கிறாங்கன்னு. ரெண்டாவது வாரம் பேச்சு சுருங்கிப்போச்சி. ஞாயித்துக்கிழம சாயங்காலம் மார்கரெட் என்ன கூப்பிட்டனுப்பினா. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் போன ஸ்பீக்கர்ல போட்டுகினு உக்காந்திருந்தாங்க.

"மாமா, நான் திரும்பி வந்துடறேன்"னா சிநேகா.

"இன்னாத்துக்கு?"

"இங்கயும் தனி டம்ளரு மாமா."

முப்பது வருசத்துக்கு முன்ன இந்தப் பக்கம் ஒரு டீக்கடையில எங்க ஜனத்துக்குத் தனி டம்ளரு. குடிச்சிட்டு நாமளே கழுவி ஓரமா வெக்கணும். நானும் வரதனும் அத ரோட்ல போட்டு ஒடச்சோம். வரதன் தலையில நாலு தையலு. அந்தக் கதைய சிநேகாவுக்கு நூறு தடவ சொன்னது நான்தான்.

அவ தங்கியிருக்கிற வூட்டுல அஞ்சு ஸ்டூடண்டுங்க, ஒரே சமையல்கட்டு. இவ போனதும் ஒரு கப்ப எடுத்து, பேரு எழுதி ஒட்டி, "இது உன்னோடது"ன்னு குடுத்தாங்களாம். மத்த கப்புல எதுலயும் பேரு இல்ல. ஃபிரிட்ஜ்ல இவளுக்குக் கெடச்சது அடித்தட்டு. இவ எலுமிச்ச சோறு கெளறி நீட்டினா, "வேணாம், அது உன் சாப்பாடு"ன்னுட்டாங்க. அதுலருந்து ரூம்லயே பிரெட்டும் தக்காளித் தொக்கும். எட்டு நாளா.

வெள்ளிக்கிழமைக்குள்ள காலேஜுக்கு மெயிலு போட்டா திரும்பிடலாம். இங்க காலேஜ்ல அவ எடம் அப்படியே இருக்கும். ஆனா இன்னொரு தடவ அனுப்ப மாட்டாங்க.

நான் பேப்பர எடுத்தேன். 'வன்மையாகக் கண்டிக்கிறோம்'னு ஆரம்பிச்சி அரப் பக்கம் போயிட்டேன்.

வரதன் எட்டிப் பாத்தான். "ஜெர்மனிக்கே நோட்டீசா அண்ணாத்த? எந்த செவுத்துல ஒட்டுவ?"

"சும்மா இருடா."

மார்கரெட் போனக் கிட்ட இழுத்தா. "சிநேகா, குடிச்சிட்டு அந்தக் கப்ப எங்க வெக்கிற?"

"நானே கழுவி ரூம்ல வெச்சிக்கிறேன்."

"உன்ன அப்படி வெக்கச் சொன்னாங்களா?"

"இல்ல. நானாதான்."

"அவங்களுது?"

"பாத்திரம் கழுவற மிஷின்ல போடுவாங்க."

"உன்னுதையும் அதுல போடு. அங்கயே நில்லு. யாராவது எடுத்துத் தனியா வெக்கிறாங்களா பாரு. நான் வேலை செய்ற ஒரு வூட்டுல எனக்குன்னு டம்ளரு கீது. ஜன்னல்ல இருக்கும். சிங்க்ல போட வுடமாட்டாங்க. தனி டம்ளருன்னா இன்னான்னு எனக்குத் தெரியும். பேர வெச்சி இல்ல, கழுவற எடத்த வெச்சி."

அந்த ஜன்னல் டம்ளரு கதை எனக்கே அன்னிக்குத்தான் தெரியும். வரதனுக்கும். அவன் தலையக் குனிஞ்சிகினான். நான் பேப்பர மடிச்சி சட்டப் பைல வெச்சேன்.

செவ்வாய்க்கெழம சாயங்காலம் போன் வந்துச்சி. சிநேகா கப்ப மிஷின்ல நிமித்தி வெச்சிட்டு நின்னிருக்கா. லேனான்னு ஒரு பொண்ணு வந்து, "இப்படி வெச்சா அழுக்குத் தண்ணி தேங்கும்"னு சொல்லிகினே அதக் கவுத்து, தான் தின்ன தட்ட அதும்மேல சாச்சி, மிஷின் கதவ மூடிட்டாளாம். அவ்ளோதான்.

"மத்த கப்புல ஏன் பேரில்லன்னு கேட்டியா?"ன்னேன்.

"கேட்டேன் மாமா. அவங்கவங்க கப்பு அவங்கவங்களுக்குத் தெரியுமாம். புதுசா வரவங்களுக்குத்தான் எழுதுவாங்களாம். எனக்கு முன்ன இருந்த பொண்ணு காலி பண்ணதுதான் அடித்தட்டு."

"சோறு?"

"இங்க அவங்கவங்க சாப்பாடு அவங்கவங்களுக்குத்தான் மாமா, யாரும் கேக்கவும் மாட்டாங்க, குடுக்கவும் மாட்டாங்க. அது பேஜாருதான். ஆனா நான் ரூம்லயே சாப்பிடறதப் பாத்து அவங்க இன்னா நெனச்சாங்க தெரியுமா? நம்ம மதத்துல அடுத்தவங்களோட சாப்பிடக் கூடாதுன்னு."

"யாரு, நாமளா?"ன்னு மார்கரெட் சிரிச்சா. கண்ண முந்தானையில தொடச்சிகினா.

வெள்ளிக்கிழம வந்துச்சி. சிநேகா மெயிலு போடல. லேபுக்குப் போயிட்டா.

மறுநா சனிக்கெழம மார்கரெட் வேலைக்குப் போனா. ஜன்னல்ல இருந்த டம்ளர எடுத்து, அந்த வூட்டு டம்ளருங்களோட சேத்துத் தேய்ச்சி, அதே கூடையில கவுத்து வெச்சிட்டு வந்தா. வூட்டுக்காரம்மா பாத்துகினுதான் இருந்தாங்களாம். ஆனா அடுத்த நா டம்ளரு மறுபடியும் ஜன்னல்ல.

"நீ இன்னா பண்ண?"ன்னேன்.

"மறுபடியும் கவுத்தேன்"னா. "இன்னியோட நாலு நாளு."