டவுட் என்றால் கேள்வி

டவுட் என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் என்ன அர்த்தம்? ஆக்லாந்தில் நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது யாராவது கேட்டிருந்தால் என்னால் சரியாகப் பதில் சொல்லியிருக்க முடியாது. வீட்டில் அம்மா சொல்கிற டவுட்டும் வகுப்பில் வெள்ளைக்கார வாத்தியார் சொல்கிற டவுட்டும் வேறு வேறு என்று தோன்றியதே இல்லை. பூங்கோதைக்கும் அது தெரிந்திருக்கவில்லை. அவள் ஆங்கிலத்தில் எம்.ஏ. படித்தவள்.

விருதுநகரில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தவள். கணவர் திருநாவுக்கரசுக்கு ஆக்லாந்தில் ஐ.டி. வேலை கிடைத்ததும் கூடவே வந்தாள். இங்கே ஆசிரியையாக வேண்டுமென்றால் மறுபடியும் படிக்க வேண்டும் என்றார்கள். அதனால் சான்ட்ரிங்ஹாம் சாலையில் ஒரு மளிகைக் கடையின் கல்லாவில் நின்றாள். "எங்க வீட்டம்மா எம்.ஏ. இங்கிலீஷ். வெங்காயம் நல்லா எடை போடுவா" என்று நண்பர்கள் வந்திருந்தபோது திருநாவுக்கரசு சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவைத்தாள்.

கூட்டம் இல்லாத நேரத்தில் அவள் கல்லாமேல் ஆங்கிலச் செய்தித்தாளை விரித்துப் பென்சிலால் கோடு போட்டுப் படிப்பாள். 2014-ஆம் வருடம் ஒருநாள், கொத்தமல்லி வாங்க வந்த ஒரு பெண் அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீங்கள் டீச்சரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

வெகுநாள் கழித்து ஒருவர் அப்படிக் கேட்டதும் பூங்கோதை பென்சிலைக் கீழே வைத்தாள். "ஆமாம்" என்றாள்.

அந்தப் பெண்தான் மரிசெல். சிலி நாட்டுக்காரி, தாய்மொழி ஸ்பானிஷ். மங்கரேயில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. பெரியவர்களைக் குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, சாயங்கால மாத்திரை கொடுப்பது எல்லாம் அவள் பொறுப்பு. அவளுடைய விசா அந்த வேலையோடு கட்டப்பட்டிருந்தது. வேலை போனால் ஊரைப் பார்த்துப் போக வேண்டியதுதான்.

மரிசெல் தன்னைப் போல ஸ்பானிஷ் பேசுகிற நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நியூ லின்னில் ஒரு சர்ச் ஹாலின் பின்னறையில் சனிக்கிழமை வகுப்பு தொடங்கியது. பாடப்புத்தகம் கிடையாது, அந்த வாரச் செய்தித்தாள்தான் பாடம். அவர்கள் பூங்கோதையை 'ப்ரொஃபெ' என்று கூப்பிட்டார்கள். அவர்கள் நாட்டில் ஆசிரியரை அப்படித்தான் செல்லமாகக் கூப்பிடுவார்களாம்.

முதல் வாரமே பூங்கோதை அசந்துபோனாள். விருதுநகரில் பிள்ளைகள் மனப்பாடம் செய்து மண்டையை உடைத்துக்கொண்ட நீளமான சொற்கள் எல்லாம் இவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இனெவிட்டபிள், கட்டாஸ்ட்ரஃபி, நெக்லிஜென்ட் எல்லாம் அவர்கள் மொழியிலும் கிட்டத்தட்ட அதே உருவத்தில் இருந்தன. சின்னச் சின்னச் சொற்களில்தான் தடுக்கி விழுந்தார்கள். தலைப்பில் 'ஆக்ஸ்' என்று வந்தால் யாரோ யாரையோ கோடாலியால் வெட்டிவிட்டதாக நினைத்தார்கள். வேலையைவிட்டு எடுப்பதைத்தான் பத்திரிகைக்காரர்கள் அப்படி எழுதுகிறார்கள் என்று பூங்கோதை சொன்னாள். 'ப்ரோப்' என்றால் விசாரணை என்றாள்.

"ஏன் விசாரணை என்று எழுத மாட்டார்களாம்?" என்று மரிசெல் கேட்டாள்.

"இடம் போதாது."

"பாவம், அவ்வளவு பெரிய பேப்பரில்" என்றாள் மரிசெல். வகுப்பே சிரித்தது.

இன்னொரு விஷயத்தில் பூங்கோதைக்கு அளவில்லாத சந்தோஷம். மரிசெல் கையைத் தூக்கும்போதெல்லாம் "ப்ரொஃபெ, ஐ ஹேவ் எ டவுட்" என்பாள். விருதுநகரில் அவளுடைய பிள்ளைகளும் இதையேதான் சொல்வார்கள், மிஸ், ஒரு டவுட் என்று. ஸ்பானிஷிலும் 'தெங்கோ ஊனா தூதா' என்பார்களாம். எனக்கு ஒரு டவுட் என்று சொன்னால் எனக்கு ஒரு கேள்வி என்று பொருளாம். உலகத்தின் இரண்டு மூலையில் இரண்டு மொழிகள் ஒரே மாதிரி யோசிக்கின்றன என்று பூங்கோதை வீட்டில் போய்ச் சொன்னாள். திருநாவுக்கரசு டீவியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"கேட்கத் தயங்காதீர்கள்" என்று அவள் வகுப்பில் சொல்லிக்கொடுத்தாள். "வேலை செய்யும் இடத்திலும் ஐ ஹேவ் எ டவுட் என்று சொல்லுங்கள். மரியாதையாக இருக்கும்."

மரிசெல் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள்.

குளிர்காலத்தில் அந்த முதியோர் இல்லத்தில் டென்னிஸ் என்ற பெரியவருக்குக் காலையிலிருந்தே தலைசுற்றல். சாயங்காலம் ரத்த அழுத்த மாத்திரை கொடுக்கும் நேரம் வந்தது. தலைசுற்றுகிறவருக்கு இதைக் கொடுக்கலாமா என்று மரிசெல்லுக்குத் தெரியவில்லை. மாத்திரையைக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு நர்ஸிடம் போனாள். நர்ஸ் யுவனேஸ்வரி மலேசியத் தமிழ்ப் பெண். இன்னொரு அறையில் வேலையாக இருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், கொடு, கொடு என்றாள். மரிசெல் கொடுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் டென்னிஸ் கழிப்பறைக்குப் போக எழுந்தார், தலைசுற்றி விழுந்தார், இடுப்பெலும்பு உடைந்தது. அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

இல்லத்தின் மேனேஜர் மரிசெல்லைக் கூப்பிட்டு, மாத்திரை கொடுக்கும்போது என்ன நடந்தது என்று கேட்டாள்.

"நர்ஸோடு எனக்கு டவுட் இருந்தது. அப்புறம் கொடுத்தேன்" என்றாள் மரிசெல்.

"டவுட் இருந்ததா?"

"ஆமாம்."

"டவுட் இருந்தும் கொடுத்தாயா?"

"ஆமாம். டவுட் முடிந்ததும் கொடுத்தேன்."

மேனேஜர் வேறொன்றும் கேட்கவில்லை. மரிசெல் நல்லபடியாகப் பதில் சொல்லிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

இல்லம் கொடுத்த அறிக்கையை எடுத்துக்கொண்டு டென்னிஸின் மகள் பத்திரிகைக்குப் போனாள். அந்தச் சனிக்கிழமை மரிசெல் வகுப்புக்குப் பிந்தி வந்தாள். வந்தவள் உட்காராமல் செய்தித்தாளைப் பூங்கோதை முன்னால் வைத்தாள். தலைப்பில் ப்ரோப் இருந்தது. அது அவளுக்குப் புரிந்தது. அதற்குக் கீழே, டவுட் இருந்தும் பராமரிப்புப் பெண் மாத்திரையைக் கொடுத்தாள் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பெயர் இல்லை.

"ப்ரொஃபெ, நான் கேட்டுவிட்டுத்தானே கொடுத்தேன்?" என்றாள் மரிசெல். "கேட்டது ஏன் தப்பு என்று எழுதியிருக்கிறார்கள்?"

பூங்கோதை அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். செய்தித்தாளில் டவுட் என்ற சொல்லை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். அமைச்சர் பேச்சில் டவுட், கணக்கில் டவுட் என்று வரும். அங்கெல்லாம் அவநம்பிக்கை என்றுதான் சொல்லிக்கொடுத்தாள். தன் வாயில் வரும் டவுட்டும் அதே சொல்தான் என்பது அவளுக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. இந்த ஊரில் டவுட் என்றால் கேள்வி இல்லை. மாத்திரை தப்பு என்று மனதுக்குள் பட்டும் மரிசெல் கொடுத்திருக்கிறாள் என்றுதான் அந்த வரியைப் படிக்கிற ஒவ்வொருவரும் நினைப்பார்கள். அவளும் அப்படித்தான் நினைத்திருப்பாள்.

அடியில் நெக்லிஜென்ட் என்று, அலட்சியக்காரி என்ற பொருளில், ஒரு சொல் இருந்தது. அதற்கு மட்டும் மரிசெல்லுக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து யுவனேஸ்வரி வழக்கம்போலக் கடைக்குக் கறிவேப்பிலை வாங்க வந்தாள். கடையில் வேறு யாரும் இல்லை.

"யுவனேஸ்வரி, மரிசெல் அன்னைக்கு உங்ககிட்ட வந்து கேட்டாளா இல்லையா?" என்றாள் பூங்கோதை.

"வந்தா. ஐ ஹேவ் எ டவுட்னு கிண்ணத்த தூக்கிட்டு நின்னா. நான் ஒரு பாட்டிக்கு டயப்பர் மாத்திக்கிட்டு இருக்கேன் லா. குடுன்னு சொன்னேன்."

"அப்ப அது உங்களுக்குப் புரிஞ்சிருக்கு. கேள்வி கேக்குறான்னு."

"புரியாம என்னா? எங்க ஊர்லயும் அப்பிடித்தான பேசுவோம்."

"அதை மேனேஜர்கிட்ட சொல்லிடுங்களேன்."

யுவனேஸ்வரி கறிவேப்பிலையைப் பைக்குள் போட்டாள். "சொன்னா என் நர்ஸ் ரெஜிஸ்ட்ரேஷன் போயிரும். வீட்டு மோர்ட்கேஜ நீங்க கட்டுவீங்களாக்கா? அவளுக்கு டவுட்டு சொல்லிக் குடுத்தது நானா நீங்களா? டீச்சரு நீங்கதான. நீங்க போய்ச் சொல்லுங்க."

"சொல்றேன்" என்றாள் பூங்கோதை.

"சொல்லுங்க லா. கறிவேப்பிலைக்கு எவ்ளோ?"

இந்த ஊரில் வேலையிடத்து விசாரணைக்குப் போகிறவர் துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகலாம். சப்போர்ட் பெர்சன் என்பார்கள். பூங்கோதை லீவு போட்டுவிட்டு, விருதுநகரில் ஆண்டு விழாவுக்குக் கட்டிய பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு மரிசெல்லோடு போனாள். "வாதாடப் போறியாக்கும்" என்றார் திருநாவுக்கரசு. "நம்ம பேரு எதுலயும் வராம பாத்துக்க."

அறையில் மேனேஜர் இருந்தாள். நிர்வாகத்திலிருந்து வந்த ஒருவர் இருந்தார், கண்ணாடி போட்டவர், மென்மையாகப் பேசினார். ஓரத்தில் யுவனேஸ்வரி உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஒரு தட்டு நிறைய பிஸ்கட். எடுத்துக்கொள்ளுங்கள், எடுத்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு தரம் உபசரித்தார்கள்.

பூங்கோதை நிதானமாக, ஒரு பிழை இல்லாமல் பேசினாள். எங்கள் நாட்டு ஆங்கிலத்தில் டவுட் என்றால் கேள்வி, ஸ்பானிஷிலும் அப்படித்தான், இவள் நர்ஸிடம் கேள்வி கேட்டாள், பதில் வாங்கினாள், அதற்குப் பிறகுதான் கொடுத்தாள் என்றாள். அந்தச் சொல்லை அப்படிப் பயன்படுத்தச் சொல்லிக்கொடுத்தது நான்தான் என்றும் சொன்னாள்.

கண்ணாடிக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். "ரொம்ப சுவாரசியமான விஷயம்" என்றார். உண்மையிலேயே அவருக்குச் சுவாரசியமாகத்தான் இருந்தது. மேனேஜர் யுவனேஸ்வரியைப் பார்த்தாள். "மரிசெல் உன்னிடம் எதையாவது கேட்டாளா?"

மரிசெல்லும் யுவனேஸ்வரியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பயமே இல்லை. இப்போது சொல்லிவிடுவாள் என்று முழுதாக நம்பினாள்.

"என்னவோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று எனக்குத் தெளிவாக இல்லை" என்றாள் யுவனேஸ்வரி. "அவளுடைய இங்கிலீஷைப் பற்றி எங்கள் எல்லோருக்குமே கொஞ்சம் கவலை உண்டு."

"அது பொய்" என்றாள் பூங்கோதை. "கடையில் என்னிடம்..."

"மிஸஸ் பூங்கோதை" என்றார் கண்ணாடிக்காரர், அதே மென்மையான குரலில். "நீங்கள் சொன்னதையே எடுத்துக்கொள்வோம். இவள் ஒன்று நினைத்து வேறொன்று சொல்லியிருக்கிறாள். இல்லையா?"

"ஆமாம், ஆனால்..."

"அதைத் திருத்த வேண்டிய ஆசிரியருக்கும் அது தப்பு என்று தெரியவில்லை."

கண்ணாடிக்காரர் பேனாவை மறுபடியும் கையில் எடுத்தார்.

"அப்படியென்றால் மாத்திரை அட்டையில் இருப்பதை இவள் சரியாகப் படிக்கிறாள் என்று நாங்கள் எப்படி நம்புவது? அலட்சியம் என்று சொல்ல வந்தோம். அதை நீக்கிவிடலாம். நீங்கள் எங்களுக்கு உதவிதான் செய்திருக்கிறீர்கள்." அவர் மேனேஜர் பக்கம் திரும்பினார். பாதுகாப்பாக வேலை செய்யும் அளவுக்கு ஆங்கிலம் இல்லை என்று முடிவானது. அன்றோடு மரிசெல்லின் வேலை போனது.

மரிசெல் அலட்சியக்காரி இல்லை என்று நிரூபிக்க வந்த பூங்கோதை, அவளை மொழி தெரியாதவள் என்று நிரூபித்துக் கொடுத்துவிட்டாள். அலட்சியம் என்று சொல்லியிருந்தால் யுவனேஸ்வரியை இன்னும் நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும். இப்போது யாரையும் கேட்க வேண்டியதில்லை.

"ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றார் கண்ணாடிக்காரர் மரிசெல்லிடம்.

மரிசெல் பழக்கதோஷத்தில் கையை லேசாகத் தூக்கினாள். "ஐ ஹேவ் எ..." என்று தொடங்கினாள். அடுத்த சொல் நாக்கு நுனிவரை வந்தது. பூங்கோதையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கையைக் கீழே போட்டுக்கொண்டாள். "ஒன்றுமில்லை" என்றாள்.

வெளியே பேருந்து நிறுத்தத்தில் இருவரும் நின்றார்கள். விமானம் ஒன்று தலைக்குமேல் தாழ்வாக இறங்கிப் போனது. பூங்கோதை, "மன்னித்துவிடு" என்று தொடங்கினாள்.

"இங்கிலீஷ் வேண்டாம், ப்ரொஃபெ" என்றாள் மரிசெல். அதற்குப் பிறகு ஸ்பானிஷில் நிறைய பேசினாள். பூங்கோதைக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. பேருந்து வந்ததும் மரிசெல் ஏறிக்கொண்டாள். விசா முடிவதற்குள் வேறு வேலை கிடைக்கவில்லை. ஊருக்குப் போய்விட்டாள்.

வகுப்புக்கு மற்றவர்கள் இன்னும் கொஞ்ச நாள் வந்தார்கள். ஆனால் யாரும் கையைத் தூக்கிக் கேட்பதில்லை. பிறகு வருவதும் நின்றது. "சரி, இனி வெங்காயத்துகிட்ட இங்கிலீஷ் பேசு" என்றார் திருநாவுக்கரசு.

பூங்கோதை இப்போதும் அதே கல்லாவில்தான் நிற்கிறாள். செய்தித்தாள் விரிப்பதில்லை. யுவனேஸ்வரி கறிவேப்பிலை வாங்க வருகிறாள். "நல்லா இருக்கீங்களாக்கா?" என்று கேட்கிறாள். பூங்கோதை எடை போட்டு, விலையை மட்டும் சொல்கிறாள்.

இதைப் படித்தவர்கள் ஒரு உதவி செய்யுங்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஆஸ்பத்திரிக்கும் முதியோர் இல்லத்துக்கும் வேலைக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் மரிசெல்லின் கதையைச் சொல்லுங்கள். கேட்க வேண்டியது இருந்தால் டவுட் என்று சொல்லாமல், கொஸ்டின் என்று சொல்லச் சொல்லுங்கள். யாராவது கையில் கிண்ணத்தோடு வந்து டவுட் என்று நின்றால் திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்களும் இன்னொருவரிடம் சொல்லட்டும்.